ஷாம்பில் எண்ணெய் ஏன் இவ்வளவு குறைவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நீங்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "இயற்கை எண்ணெய் ஷாம்பு என்கிறீர்கள், நூறு கிராமில் ஒரு கிராம்தானே எண்ணெய்?"

ஆமாம், ஒரு கிராம் விளக்கெண்ணெய்தான். ஷாம்பின் வேலையே எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. அதிலேயே எண்ணெயை ஊற்றினால் நுரைக்கும் சரக்கு அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். தலைக்கு ஒன்றும் மிஞ்சாது.

"அப்போ பொட்டாஷ் காரம் சேர்த்து எண்ணெயையே திரவ சோப்பாக்கித் தாருங்களேன்" என்கிறார்கள் சிலர். செய்யலாம். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம், நுரை பொங்கும். மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயில் அந்த அளவு வராது. ஆனால் சோப்பின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9, 10 என்று காரமாகவே நிற்கும். தலைக்கு ஏற்றது 5 சுமார். அதைவிடப் பெரிய தொல்லை நம்ம ஊர்த் தண்ணீர். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் போர் தண்ணீர் பிடிக்கும் வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசினாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். சீப்பில் சாம்பல் நிறத்தில் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளித்தால் இது குறையலாம். குடிக்க வரும் தண்ணீரைத் தலையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? அதனால்தான் தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கும் கோகோ குளுக்கோசைடு என்ற நுரைக்கும் சரக்கைப் போடுகிறோம். உப்புத் தண்ணீரிலும் அது பிசினாகாது.

ஷியா, கோகம் என்ற மரங்களின் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய்களை ஷாம்பில் சேர்ப்பதில்லை. ஹேர் பட்டர் டப்பாவில் தருகிறோம். அக்னி நட்சத்திர வெயிலில் ஷியா உருகி, மெதுவாக இறுகும்போது மணல் மணலாகிவிடும். கெட்டுப்போகவில்லை. வெந்நீரில் டப்பாவை வைத்து முழுக்க உருக்கி, உடனே பிரிட்ஜில் வையுங்கள். கோகம் 40 டிகிரி வரை ஓரளவு தாங்கும் என்பதால் கோடையில் அதைக் கூட்டிக்கொள்கிறோம்.

சோடியம் பென்சோவேட் எதற்கு என்றும் கேட்கிறீர்கள். தண்ணீர் இருக்கும் எதிலும் பூஞ்சை வரும், அதைத் தடுக்கத்தான். ஊறுகாயிலும் ஸ்குவாஷிலும் போடுகிற அதே பொருள்தான். அமிலத்தில்தான் அது வேலை செய்யும்; எலுமிச்சை உப்பு சேர்த்து பிஎச்சை 5-க்குக் கொண்டுவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எங்கள் ஷாம்பு வேண்டாம், பாட்டில் பாதி காலியாகும். சீயக்காயோ அரப்போ போதும்.

காலி பாட்டில் கொண்டுவந்தால் நிரப்பித் தருகிறோம். கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து எடுத்து வாருங்கள். ஈரம் இருந்தால் நிரப்ப மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து, காட்பாடி