டர்பனிலிருந்து சேவியருக்கு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். அனுப்பிய படங்கள் எதிலும் நீ இல்லை என்று என் வீட்டில் குறைபட்டுக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவன் அன்றைக்காவது கேமராவை வேறு யார் கையிலாவது கொடுத்திருக்கக் கூடாதா? இந்த வருஷமும் என்னால் தூத்துக்குடிக்கு, பனிமய மாதா திருவிழாவுக்கு வர முடியவில்லை. லீவு கிடைக்காதது பாதிக் காரணம்தான். ஆடி மாதம் இங்கே நம்மவர் கோயில்களில் வாரக் கடைசிகளில் கூழ் ஊற்றுவார்கள், அதில் என் மனைவி முழுசாக இறங்கிவிட்டாள். பெரிய அண்டாவைத் தூக்க ஆள் வேண்டுமே, அதற்கு நான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கேமராவைத் தண்ணீர் புகாமல் வைக்கும் பெட்டி, அதான் ஹவுசிங், வாங்கியாகிவிட்டது, கடலடியில் எடுத்த வீடியோ ஆடுகிறது, நல்ல கார்பன் ஃபைபர் ட்ரைபாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. தரையில் எதற்காக அதற்கு அவ்வளவு விலை கொடுக்கிறோமோ, அந்த எடைக்குறைவே தண்ணீரில் அதன் குறை. கணக்கு எளிது. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை 1.025 கிலோ. ஒரு பொருள் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ அந்த அளவு எடையை இழக்கும். 2 கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் சுமார் 1.24 கிலோதான் இருக்கும். அதே 2 கிலோ கார்பன் குழாய் 0.7 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 1.7 கிலோவுக்கு மேல் நிற்கும். இதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் நிறைந்திருந்தால். குழாயின் இரண்டு பக்கமும் அடைத்திருந்து உள்ளே காற்று தங்கிவிட்டால், அந்த விலையுயர்ந்த ட்ரைபாட் உன் தலைக்கு மேலே மிதந்துகொண்டு போகும். அலுமினியக் காலே ஆனாலும் மேலேயும் கீழேயும் ஒரு துளை போட்டுவிட வேண்டும், காற்று வெளியேறட்டும்.

இன்னொன்று, உன் ஹவுசிங்கில் விளக்கு மாட்டும் கைகளில் மிதவை மாட்டியிருப்பாய், உன் கை வலிக்காமல் இருக்க. கையில் பிடித்து எடுக்கும்போது அது சரி. ட்ரைபாடில் வைக்கும்போது அந்த மிதவையெல்லாம் கழற்றிவிடு. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் குவிமாடம் (டோம் போர்ட்) வேறு காற்றுக்குமிழி போல முன்பக்கத்தைத் தூக்கும். எடையில்லாத கேமராவை எடையில்லாத முக்காலியில் வைத்தால் பக்கத்தில் போகும் மீன் வாலை அசைத்தாலே ஆடும். எடையைக் கூட்டத்தான் பார்க்க வேண்டும். பெல்ட்டில் போடும் ஈயக்கட்டியைக் கால்களின் அடிப்பக்கத்தில் கட்டு. நடுவில் தொங்கவிட்டால் அதுவே ஊசலாடி எல்லாவற்றையும் ஆட்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? தரையில் வைக்கும் ட்ரைபாடையே மற. ஹவுசிங்கின் அடியில் திருகும் ஒரு தட்டு, அதில் மூன்று உருண்டைகள், அந்த உருண்டைகளைக் கவ்வும் கிளாம்ப், அதிலிருந்து மூன்று கால்கள். விளக்குகளை மாட்டுகிற அதே ஒரு அங்குல உருண்டைதான், ஆகவே உன்னிடம் இருக்கும் விளக்குக் கைகளையே காலாகவும் போடலாம். இதில் எனக்குப் பிடித்தது ஒவ்வொரு காலையும் தனித்தனியாக எந்தக் கோணத்திலும் திருப்பலாம் என்பது. பாறைச் சரிவில் ஒரு கால் மேலே, இரண்டு கால் கீழே என்று நிறுத்த வேறு வழியில்லை. உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அதற்கு மேல் போனால் ஆட்டம்தான். பூட்டும் திருகு கையுறை போட்ட விரலுக்கு அடங்குகிற அளவு பெரிதாக இருக்கட்டும். கணுக்கணுவாக வளையும் கால் வைத்த சின்ன ட்ரைபாட் ஒன்று எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். அது செல்போனுக்கு. கடலடியில் தென்னங்கீற்று மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவை ஆடாமல் திருப்ப ட்ரைபாடின் தலையில் வைத்திருக்கும் ஃப்ளூயிட் ஹெட்டையும் இறக்காதே, உப்புத்தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும்.

கடையில் அந்தத் தட்டும் மூன்று காலும் சேர்ந்து வரும் விலையைப் பார்த்து நான் பின்வாங்கினேன். சாட்ஸ்வொர்த்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் குடும்பம் ஒரு காலத்தில் டர்பனில் கரைவலை போட்டது. குளிர்காலத்தில் சாளைக் கூட்டம் கரையோரமாக வரும்போது இப்போதும் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிற ஆள். தண்ணீரைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் வரைந்து காட்டியதும் முதலில் கேட்டது, "தட்டு ஸ்டீல், உன் பெட்டி அலுமினியம், உப்புத்தண்ணியில ரெண்டும் ஒட்டினா என்ன ஆகும்?" ஆகிறது அரிப்புதான். இந்த இரண்டு உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். கார்பனும் அலுமினியத்துக்கு அதே வேலையைச் செய்யும். 316 ரக ஸ்டெயின்லெஸில் தட்டு அடித்து, நடுவில் தடித்த பிளாஸ்டிக் தகடும் பிளாஸ்டிக் வாஷரும் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். மூன்று தடவை சண்டை போட்ட பிறகு பிரியாணிக்கு ஒத்துக்கொண்டார், அதுவும் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட டர்பன் பிரியாணிதான் வேண்டுமாம்.

இனி இங்கத்துக் கடல். இங்கே கரையிலிருந்து ரப்பர் படகில் அலையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். கால் இரண்டும் பட்டைக்குள், கை இரண்டும் கயிற்றில். திரும்பி வரும்போது படகை வேகமாக மணலில் ஏற்றுவார்கள், அந்த இடிக்கு எதுவும் தாங்காது. ஆகவே ட்ரைபாடின் கால்களைக் கழற்றிப் பையில் போட்டு, கேமராவை மெத்தை வைத்த பெட்டியில் வைத்துத்தான் ஏற்றுவேன். நீரில் இறங்கிய பிறகே கால்களை மாட்டுவது.

அலிவால் ஷோல் என்று டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் பக்கம் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது. குளிர்காலத்தில் ரேகி என்று செல்லமாகச் சொல்லும் சுறாக்கள் அங்கே குகைகளில் கூடும். பார்க்கப் பயங்கரம், பல்லெல்லாம் வெளியே, ஆனால் தொந்தரவு செய்யாவிட்டால் சாது. அங்கே அடியில் உன்னை முன்னும் பின்னும் இழுக்கும் அசைவு ஒன்று உண்டு. பலர் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நான் பார்ப்பது இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதை. ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் 56 மீட்டர், 12 விநாடி அலை என்றால் ஏறக்குறைய 225 மீட்டர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை எட்டும். அதாவது முதலாவது 28 மீட்டரோடு ஓய்ந்துவிடும், இரண்டாவது நூறு மீட்டருக்கும் கீழே போகும். தெற்கிலிருந்து நெடுந்தூரம் வரும் பெரிய அலைகள் நீண்ட இடைவெளி உள்ளவை. மேலே சமர்த்தாகத் தெரியும், 18 மீட்டரில் உன்னைப் பந்தாடும். அந்த மாதிரி நாளில் ட்ரைபாடைக் கரையிலேயே விட்டுவிடுவேன், எவ்வளவு ஈயம் கட்டினாலும் பயனில்லை.

வடக்கே சோட்வானா வளைகுடாவில் கதை வேறு. அங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி இழுத்துக்கொண்டு போகும். (2000ஆம் ஆண்டில் அங்கே ஜெஸ்ஸர் பள்ளத்தாக்கில் 104 மீட்டர் ஆழத்தில்தான் சீலகாந்த் என்கிற பழங்கால மீனை முக்குளிப்பவர்கள் பார்த்தார்கள். எனக்கு அந்த ஆழமெல்லாம் வேண்டாம் சாமி.) நீவாடு, அதான் நீரோட்டம், ஒரே பக்கமாக இருந்தால், அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாக ஒரு காலை நீட்டி வை. இரண்டு காலுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் அந்தப் பக்கம் இருந்தால் பாதி விசையிலேயே கவிழும். நீயும் கேமராவுக்குக் கீழ்நீரில் இரு, இல்லையென்றால் நீ கிளப்பும் மணல் எல்லாம் லென்ஸுக்கு முன்னால் வரும். விளக்குகளின் நீளக் கைகளைக் கேமராவில் மாட்டாமல் ட்ரைபாடின் கால்களில் மாட்டினால் மேலே நீவாடு பிடிக்க அவ்வளவாக ஒன்றும் இருக்காது.

இவ்வளவும் எதற்கு என்றால், ஆட்டத்தை நிறுத்த மட்டும் இல்லை. கேமராவை நிறுத்திவிட்டு நீ விலகிப் போகலாம், அதுதான் விஷயம். மீனுக்குக் கேமராவைப் பற்றிக் கவலையில்லை. அதற்குப் பயம் நம் மூச்சுக்குமிழியும், அந்தப் பெரிய உடம்பும்தான். சோட்வானாவில் ஒரு பாறை இடுக்கில் விலாங்கு மாதிரியான மோரே மீன் வாயைத் திறந்துகொண்டிருக்கும், அதன் பல்லுக்கிடையில் சுத்தம் செய்யும் இறால்கள் ஏறி இறங்கும். நான் கேமராவோடு பக்கத்தில் படுத்துக் கிடந்தவரை இறால்கள் உள்ளேயே இருந்தன. மணல் திட்டில் ட்ரைபாடை வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, பதிவை ஓடவிட்டு, என் கூட்டாளியோடு பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்க் காத்திருந்தோம். கரைக்கு வந்து பார்த்தால், நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் இறால்கள் வந்தன, அப்புறம் சுத்தம் செய்யும் நீலக்கோட்டு மீன் வந்தது, அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு மீனாக வந்து வாயைத் திறந்தது. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் நிமிடத்துக்கு 0.75 ஜிபி, 64 ஜிபி கார்டில் 85 நிமிடம் போகும். உன் காற்று அதற்கு முன்பே தீர்ந்துவிடும். கேமரா கண்ணை விட்டு மறையாத தூரத்தில்தான் இருக்க வேண்டும். படகு நீவாட்டோடு போய்க்கொண்டிருக்கும் டைவ்களில் இந்த வேலையே வேண்டாம்.

உங்கள் பக்கம் இது எனக்கு அமைந்ததைவிட நன்றாக அமையும். பாருக்கு நடுவே மணலும் கடல்புல்லும், ஆழமும் குறைவு. ஆனால் ஆழம் குறைந்தால் சாதாரணக் காற்றலையும் அடிவரை எட்டும், கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீரும் கலங்கல். அப்போது விட்டுவிடு. மெல்லிய மணலில் கூர் நுனிக் கால் ஊன்றி நிற்கும், சேற்றில் புதைந்துகொண்டே போகும். அதற்குக் காலடியில் ஒரு வட்டத் தகடு போடு. உயிருள்ள பவளத்தின் மேல் ஒரு காலும் படக்கூடாது. 21 தீவுகளைச் சுற்றியுள்ள பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் எல்லா உருண்டையையும் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறப்போடு. உருண்டையில் இருக்கும் ரப்பர் வளையத்தின் கீழ் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், பிடிப்பு நழுவும்.

உன் ஹவுசிங்கின் அடிப்பக்கத்துத் திருகு ஓட்டைகள் எத்தனை, நடுவே எத்தனை மில்லிமீட்டர், ஓட்டை கால் அங்குலமா, எட்டில் மூன்று அங்குலமா என்று அளந்து எழுது. அண்ணனிடம் இன்னொரு தட்டு அடித்து டிசம்பரில் கொண்டு வருகிறேன். அதற்குக் கூலியாக மக்ரூன் வாங்கி வை. போன தடவை வாங்கிய கடை வேண்டாம், முந்திரியைக் குறைத்துவிட்டான்.

அன்புடன்,
செல்வம்