கட்டிலுக்கு அடியில் ஒரு புத்தகக் கட்டு

தஞ்சாவூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் வலி எனக்கும் அப்படியேதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதுதான் நாலு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் குழந்தைப் புத்தகம் போடப் போகிறாயா? நீயே எழுதி, நீயே அச்சடித்து, நீயே விற்று?

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் கதை உனக்குத் தெரியும். பாட்டுப் புத்தகம் ஆயிரம் பிரதி போட்டேன், பாதியைக் கட்டிலுக்கு அடியில் கரையான் படித்து முடித்தது. ஆனால் இந்த மாதம் முழுக்க ஃப்ளோரா ந்வாபாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் பேனா வேறு பக்கம் போகிறது.

நைஜீரியாக்காரர். 1931-ல் ஒகுட்டா என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். இபாதானிலும் எடின்பரோவிலும் படித்துவிட்டு நம்மைப்போலவே டீச்சர் வேலை பார்த்தார். புவியியலும் ஆங்கிலமும் எடுத்தாராம். முதல் நாவலை எழுதியதும், அந்த நாட்டின் பெயர்பெற்ற நாவலாசிரியர் சினுவா அச்செபேவுக்கு அனுப்பினார். அவர் பாராட்டிப் பதில் போட்டதோடு, லண்டனில் ஹைனமான் பதிப்பகத்துக்கு அதை அனுப்பத் தபால் செலவுக்குப் பணமும் வைத்திருந்தார். எனக்கு அந்தத் தபால் காசுதான் பிடித்தது. பாராட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். 1966-ல் நாவல் வந்தது, பெயர் ‘எஃபுரு’. ஒகுட்டா ஏரியில் உஹாமிரி என்று ஒரு தெய்வம். செல்வமும் அழகும் கொடுப்பாள், அவளுக்கோ பிள்ளை கிடையாது. அப்புறம் ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியில் போய் நிற்கிறது கதை.

அடுத்த வருடமே பியாஃப்ரா போர், நைஜீரியாவின் கிழக்குப் பகுதி அந்தப் பெயரில் தனி நாடாகப் பிரிந்ததால் வந்த உள்நாட்டுச் சண்டை. 1970-ல் அது ஓய்ந்ததும் இவரைக் கிழக்கு மத்திய மாநில அரசில் சுகாதாரம், சமூக நலம் பார்க்கும் பொறுப்பில் வைத்தார்கள். போரில் அநாதையான 2,000 குழந்தைகளுக்கு இடம் தேடித் தரவேண்டிய வேலை அது. அரசுப் பதவியில் இருக்கும்போதே, 1972-ல், எமெக்கா என்ற பையனை வைத்து ஒரு சிறுவர் புத்தகம் வந்தது. அந்த 2,000 முகங்களைப் பார்த்தவருக்குப் பெரியவர்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடிந்திருக்காது. இது என் ஊகம்தான்.

பதவியை விட்டதும் எனுகு நகரத்தில் ‘தானா பிரஸ்’ ஆரம்பித்தார். 1977-ல் தன் பெயரிலேயே இன்னொரு நிறுவனம். வெளிநாட்டுப் பதிப்பகம் தன் புத்தகங்களைக் கவனித்த விதத்தில் அவருக்குத் திருப்தியில்லை. எனுகுவை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றும். 1967-ல் அதே ஊரில் அச்செபேயும் கவிஞர் ஒகிக்போவும் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள், குழந்தைப் புத்தகம்தான் முதல் திட்டம். மகள் படித்த இறக்குமதிக் கதைகளில் கறுப்பர்களைக் காட்டிய விதம் அச்செபேயை அவ்வளவு உறுத்தியிருந்தது. போர் வந்தது, ஒகிக்போ களத்திலேயே இறந்தார், பதிப்பகமும் அதோடு போயிற்று. அந்த ஊரில்தான் இந்த அம்மா மறுபடி கடையைத் திறந்தார்.

1979-ல் குழந்தைகளுக்காக ‘மம்மிவாட்டர்’ எழுதினார். பெரியவர்களுக்குக் கேள்வியாக விட்ட அதே தண்ணீர்த் தெய்வத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் கதையாகக் கொண்டுபோய்விட்டார்! அடுத்த வருடம் பூனைக்குட்டிக் கதை, விண்வெளிப் பயணம் என்று வரிசையாக வந்தன. ஏரித் தெய்வத்துக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே அலமாரியில் இடம். நம் பள்ளி நூலகத்துக் கண்ணாடி அலமாரி ஞாபகமிருக்கிறதா? பனிமனிதன் படம் போட்ட புத்தகமாகப் பார்த்து அடுக்கி, பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போவார்களே.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1986-ல் நைஜீரியாவில் நாணய மதிப்பு விழுந்தது. காகிதம் வெளிநாட்டுச் சரக்கு, விலை எங்கேயோ போயிற்று. சாப்பாட்டுக்கே யோசிக்கிற வீட்டில் கதைப் புத்தகம் யார் வாங்குவார்? 1993-ல் தன் 62-ஆவது வயதில் எனுகுவிலேயே இறந்தார். எழுத்தாளர் என்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பதிப்பாளர் என்று சொல்பவர்கள் குறைவு. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய வேலை என்று படுகிறது. எழுதுவதற்கு ஒரு மேசை போதும். மற்றதற்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும், கழிவு எவ்வளவு என்று கடைக்காரர் கேட்கும்போது சிரிக்க வேண்டும்.

ஆகையால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்நூறு பிரதிக்கு மேல் போடாதே. மொத்தப் பணத்தையும் இறக்காதே. எந்தெந்தப் பள்ளி வாங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு அச்சகத்துக்குப் போ. புத்தகக் கட்டைத் தரையில் மட்டும் வைக்காதே.

முதலில் கதையை எனக்கு அனுப்பு. பக்கத்து வீட்டில் இரண்டு வாண்டுகள் இருக்கிறார்கள், கொட்டாவி விட்டால் விட்டார்கள் என்றே எழுதுவேன். இந்த உறைக்குள் தபால்தலை வைத்திருக்கிறேன், எடை கூடினாலும் போதும்.

உன் பழைய
தோழி