சத்தான கேக் குறிப்புகளுக்குக் கிராம் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் வெளியாகும் குறிப்புகளில், மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும் சர்க்கரைக்குப் பதில் வெல்லமும் சேர்த்துவிட்டாலே அந்தக் கேக் ‘சத்தானது’ என்று பெயர் பெற்றுவிடுகிறது. குக்கரிலேயே கேக் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எங்களைப் போன்ற வாசகிகள் அதை நம்பி இரண்டு துண்டு கூடுதலாகவே வைக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெல்லத்தில் தாதுச் சத்துகள் சிறிதளவு உண்டு என்பது மெய்தான். ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உள்ளவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கால் கிலோ மாவுக்கு 200 கிராம் இனிப்பு சேர்த்துப் பன்னிரண்டு துண்டு போட்டால், ஒரு துண்டில் ஏறத்தாழ 17 கிராம் சேர்ந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் உணவில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியாகக் குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காபியும் டீயும் குடிக்கும் வீட்டில் மீதிக்கு இடம் ஏது? 200 கிராமை 150 ஆகக் குறைத்தால் கேக் கெட்டுவிடாது. நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்தால் வறண்டும் போகாது.

மில்லில் அரைத்து வந்த கோதுமை மாவை, கேக் மெத்தென்று வர வேண்டும் என்று சன்னச் சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடச் சொல்லும் குறிப்புகள், நார்ச்சத்தையும் அதோடு கொட்டச் சொல்கின்றன. சலிக்காமல், பாலைச் சற்றுக் கூட்டி, கலவையைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்தால் தவிடு பல்லில் படாது. கேழ்வரகு மாவையோ ஜவ்வாது மலைச் சாமை மாவையோ சேர்ப்பதும் நல்லதே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆயினும் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் இவற்றில் இல்லாததால் முழுக்க இவற்றையே போட்டால் கேக் உதிர்ந்துவிடும் என்பதையும், மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

கொழுப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டால்டா, மார்ஜரின் போன்றவற்றில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதனால் பழைய அச்சம் குறைந்தாலும், அவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதிதான். நம் மாவட்டத்தில் கிடைக்கும் கடலை எண்ணெய் அதைவிட மேல். செக்கு எண்ணெயின் வாசம் பிடிக்காதவர்கள் கோகோ சேர்த்த கேக்கில் அதைப் பயன்படுத்தலாம்.

ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவை யாரும் உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்பதில்லை. ஆகவே நாமும் நாள் கிழமைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். வெல்லக் கேக்குக்கு அந்த வரம்பு இல்லாமல் போய்விட்டது.

ஆகவே, இனி வெளியிடும் குறிப்புகளில் ‘ஒரு கப்’, ‘தேவையான அளவு’ என்று விடாமல், மாவு, இனிப்பு, எண்ணெய் ஆகியவற்றை கிராமிலும், எத்தனை துண்டுகள் வரும், ஒரு துண்டில் இனிப்பு எவ்வளவு என்பதைக் கடைசி வரியிலும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.