கரடி எழுதும் ஓரக் குறிப்பு

பாளையங்கோட்டை,
24.11.2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். மழை தொடங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான்.

உன் சின்னவன் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும் வரும் என்று வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாய். "நாமளே எழுதிப் போட்டா அது பொய்தானேப்பா?" என்றாய். நீ அனுப்பிய, ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் கிறிஸ்துமஸ் தாத்தா கடிதங்கள் புத்தகத்தை அகராதியும் கையுமாக உட்கார்ந்து நேற்றுதான் முடித்தேன். முடித்த கையோடு எழுதுகிறேன்.

டோல்கின் என்றால் கல்லூரி நாளில் நீ தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்த தடித்தடி நாவல்கள்தான் எனக்கு ஞாபகம். அவர் 1920 முதல் 1943 வரை, ஏறக்குறைய வருடந்தோறும், தன் நான்கு பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவாக இருந்து கடிதம் எழுதியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. முதல் கடிதம் மூன்று வயது மூத்தவனுக்கு. தாத்தா எப்படி இருப்பார், எங்கே இருப்பார் என்று பிள்ளை கேட்டதற்கு, என்னையும் என் வீட்டையும் வரைந்திருக்கிறேன் பார் என்று தாத்தாவே எழுதுகிறார். அந்த வருடம்தான் டோல்கின், இங்கிலாந்தில் நீ இருக்கிற லீட்ஸில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மனைவி கைக்குழந்தையோடு ஆக்ஸ்போர்டில். எனக்கு இது சுருக்கென்றது. நீ பிறந்தபோது நானும் வெளியூரில்தான் இருந்தேன். வாரம் ஒரு இன்லாண்ட் லெட்டர் போட்டேன், தவறவே மாட்டேன். அதில் என்ன எழுதினேன்? மணியார்டர் வந்ததா, பால் பாக்கியைக் கொடுத்தாயா, இவ்வளவுதான். அம்மா ஒரு கட்டு இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

தபால் இலாகாக்காரனுக்குத் தொழில் புத்தி போகுமா? புத்தகத்தில் நான் முதலில் பார்த்தது உறைகளைத்தான். வட துருவத் தபால்தலையை மனிதர் தானே வரைந்து வண்ணம் தீட்டி ஒட்டியிருக்கிறார். ஒன்றின் விலை இரண்டு முத்தம்! சில வருடம் உறை வீட்டுக்குள் தானாகக் கிடந்திருக்கிறது. சில வருடம் தபால்காரரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் அந்தத் தபால்காரரைத்தான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. அம்மாவுக்கும் தெரியாது. 1994 டிசம்பர். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தபாலாபீசில் சார்ட்டிங்கில், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில், இருந்தேன். நோட்டுத் தாளை நாலாக மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய ஒரு கடிதம் பெட்டியிலிருந்து வந்தது. 'கிறிஸ்மஸ் தாத்தா, வட துருவம்.' தபால்தலை இல்லை. பின்பக்கம் தெருப் பெயரும் வீட்டு நம்பரும் கோணல்மாணலாகப் பென்சிலில். நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுப்பியவருக்கே திருப்பவும் என்று சிவப்பு மையில் எழுதி, இரட்டிப்புக் கட்டணமும் போட்டு அனுப்பினேன். சட்டப்படி சரிதான். அந்தப் பிள்ளை வீட்டில் காசு கட்டி அதை வாங்கினார்களா, அடி விழுந்ததா, ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தெருதான், சைக்கிளை மிதித்தால் ஐந்து நிமிடம்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். தாத்தாவுக்கு வட துருவக் கரடி ஒன்று துணை. உதவி செய்கிறேன் என்று அது பண்ணுகிற கூத்துதான் கடிதம் முழுக்க. தாத்தாவின் தொப்பி காற்றில் பறந்து துருவக் கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொள்கிறது. வேண்டாம் என்று சொல்லியும் கரடி ஏறுகிறது. கம்பம் நடுவில் முறிந்து வீட்டுக் கூரையில் விழ, கரடி ஓட்டை வழியாகச் சாப்பாட்டு அறைக்குள் வந்து சேர்கிறது, மூக்கில் தொப்பியோடு. இது 1925-இல், லீட்ஸில் இருந்தபோது எழுதியது. அடுத்த வருடம் நிலவறைக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கான துருவ ஒளியை ஒரே நேரத்தில் வெடிக்கவிடுகிறது. இன்னொரு முறை தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியிலேயே தூங்கிப்போய், கீழே இங்கிலாந்துப் பிள்ளைகளின் பொட்டலங்கள் இருந்த அறையெல்லாம் வெள்ளம்.

பொருள் கெட்டது, நொறுங்கியது, பூதங்கள் திருடிக்கொண்டு போயின, ஆகவே இந்த வருடம் கேட்டதெல்லாம் இல்லை, கோபித்துக்கொள்ளாதே என்று தாத்தா எழுதும் இடங்களில் நான் நின்று நின்று படித்தேன். டோல்கின் கோடை விடுமுறையில் பரீட்சைத் தாள் திருத்திச் சம்பாதித்துக் குடும்பம் நடத்தியவர். கரடி தலையில் விழுந்த பழி பல சமயம் அவருடைய சம்பளத்தின் பழிதான் என்பது என் ஊகம். நீ ஆறாவது படிக்கும்போது தீபாவளிக்கு, தையற்காரன் பாவாடை தைத்துத் தரவில்லை என்று சொன்னேனே. துணியே எடுக்கவில்லை அம்மாடி. நீ தையற்கடை வாசலில் போய் நின்றாய். அதுதான் பொய். அதில் ஒரு கரடியாவது வைத்திருக்கலாம்.

1937 கடிதத்தில் தாத்தா, ஹாபிட் நாவலை இந்த வருடம் நிறையப் பேருக்குக் கொண்டுபோகிறேன், உங்கள் வீட்டில்தான் அது வேண்டிய மட்டும் இருக்குமே, வேறு புத்தகம் தருகிறேன் என்கிறார். அந்தப் பிள்ளைகளின் அப்பாதானே அதை எழுதியவர்! சத்தமாகச் சிரித்துவிட்டேன், அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கடைசிக் கடிதம் போர்க்காலம், 1943. கடைக்குட்டிப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. தாத்தா அவளிடம் விடைபெற்றுக்கொள்கிறார். டோல்கின் இறந்து மூன்று வருடம் கழித்து, 1976-இல், மருமகள் தொகுத்துத்தான் புத்தகமாக வந்திருக்கிறது.

உன் கேள்விக்கு இதுதான் என் பதில்: நானே எழுதிவிட்டேன். உள்ளே இன்னொரு உறை இருக்கிறது பார். நீ பிரிக்காதே. இருபதாம் தேதி வாக்கில், அவன் மாடியில் இருக்கும்போது, கதவுத் துளை வழியாக வெளியிலிருந்து போடு. உங்கள் தபால்காரர் நல்ல மனிதர் என்றாயே, அவரிடம் கொடுத்துப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. சமர்த்தாக இருந்தால்தான் பரிசு என்று நீ ஒரு வரி சேர்க்கப் பார்ப்பாய். வேண்டாம். தாத்தாவைப் பூச்சாண்டி ஆக்காதே.

தபால்தலை நான் வரைந்தது. பனிமலை, பார்த்தால் இட்லி மாதிரி இருக்கிறது. முத்திரை மட்டும் அச்சு அசலாக வந்துவிட்டது, கைப்பழக்கம். தாத்தாவுக்கு ரொம்ப வயது என்பதால் டோல்கின் கையெழுத்தை வேண்டுமென்றே நடுக்கி நடுக்கி எழுதியிருக்கிறார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

அப்புறம், கரடி. அது கடிதத்தின் ஓரத்தில் தடித்த எழுத்தில் தாத்தாவை மறுத்து மறுத்துக் குறிப்பு எழுதும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். நான் சொல்வதை மறுக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? எல்லாம் தமிழில்தான் எழுதியிருக்கிறாள். டோல்கினின் கரடிக்கும் சொந்தப் பாஷை ஒன்று உண்டு, அதனால் பாதகமில்லை. இது என்ன எழுத்து என்று சின்னவன் கேட்டால் கரடி பாஷை என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்த்தி நீயே படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா