வில்லாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய வில்லா படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. மூன்று பெட்ரூம், நடுவில் பெரிய ஹால், கண்ணாடிக் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு. ஜூன் லீவுக்கு வரும்போது எல்லோரும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவதும் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், கொடைக்கானலுக்கு இந்தத் தடவை ஏரிப் பக்கம் இருக்கிற சாதாரண ஹோட்டலிலேயே மூன்று ரூம் போடு. போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கலாம்" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பத்தாவை நீ பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. வீடியோ காலில் உட்கார்ந்தபடி பார்ப்பதால் உனக்குத் தெரியாது, இப்போதெல்லாம் அவர் ஒரு படி ஏற என் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போவார், சுவரைத் தடவிக்கொண்டே போவார், லைட் போட மாட்டார், யாரும் தூக்கம் கலையக் கூடாதாம். இப்போது நீ அனுப்பிய ஆறாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். கார் நிற்கிற இடத்திலிருந்து வில்லா வாசல் வரைக்கும் கருங்கல் பலகைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், நடுவில் புல், கல்லின் ஓரமெல்லாம் பச்சைப் பாசி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை. ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு இரண்டு படி இறக்கம். பாத்ரூம் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. படம் எடுத்தவனுக்கு அது அழகு, எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம், ஜூனில் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கும், தூறலும் இருக்கும், அந்தக் கல் காயவே காயாது.

ஹோட்டலிலும் இதை விசாரித்துத்தான் போட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. மலைச் சரிவில் கட்டியவை என்பதால் அங்கே பல ஹோட்டல்களில் ரிசப்ஷன் ரோட்டு மட்டத்தில் இருக்கும், ரூமெல்லாம் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். "கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார்" என்பார்கள், போய்ப் பார்த்தால் இருபது படி இறங்க வேண்டும். அதனால் எந்த ஃப்ளோர் என்று கேட்காதே. வண்டியிலிருந்து இறங்கிக் கட்டிலில் உட்காரும் வரைக்கும் மொத்தம் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, இதைக் கேள். போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்.

அடுத்தது சமையல்கட்டு. வில்லாவில் கிச்சன் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் செய்து கொடுக்கலாம் என்று அதை ஒரு வசதியாக எழுதியிருந்தாய். யார் செய்து கொடுப்பது, தம்பி? போன வருஷம் சித்தப்பா வீட்டோடு ஏற்காட்டில் ஒரு வில்லாவில் தங்கினோமே, அங்கேயும் இதே கிச்சன்தான். ஒரு இன்டக்ஷன் அடுப்பு, சுரண்டிப்போன நான்ஸ்டிக் தவா ஒன்று, குக்கர் கிடையாது, டீ வடிகட்டி கூடக் கிடையாது. ரெஸ்டாரன்ட் மேலே தனியாக இருந்தது, ஆர்டர் கொடுத்தால் முக்கால் மணி நேரம் கழித்து ஆறிப்போய் வரும். பிள்ளைகள் பசி தாங்குமா? சித்தியும் நானும் விடிகாலையில் எழுந்து பால் காய்ச்சினோம், உப்புமா கிளறினோம், பாத்திரம் கழுவினோம், மத்தியானத்துக்கு என்ன என்று யோசித்தோம். ஆண்கள் எல்லோரும் பால்கனியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

மீனா அங்கே சிங்கப்பூரில் ஆபீஸுக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, வருஷத்தில் ஒரு தடவை ஊருக்கு வருகிறாள். அவள் லீவு எடுத்து வந்து இன்னொரு வீட்டு அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அவள் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். ஹோட்டலில் காலையில் எட்டு மணிக்குக் கீழே போனால் இட்லியும் பொங்கலும் சூடாக இருக்கும், சாப்பிட்டுவிட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்துவிடலாம். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்கு உண்மையான லீவு.

பணக் கணக்கை அப்பா போட்டு வைத்திருக்கிறார், உனக்கு அனுப்பச் சொன்னார். ஹோட்டல் ரூம் 5,500 ரூபாய், மூன்று ரூமுக்கு 16,500. 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 வரைக்குமான ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, ஆக ஒரு ராத்திரிக்கு 17,325. வில்லா 21,000. மூன்று பெட்ரூமால் வகுத்தால் ஒன்றுக்கு ஏழாயிரம்தானே என்று தோன்றும், ஆனால் முழு வில்லாவையும் ஒரே யூனிட்டாகத்தான் பில் போடுவார்கள், அதனால் 18 சதவீதம், 24,780 ஆகிறது. மூன்று ராத்திரிக்கு 22,365 ரூபாய் வித்தியாசம். இது போக, 7,500-க்கு மேல் வாடகை வாங்குகிற இடங்களில் பொதுவாக உள்ளே சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் 18 சதவீதம்தான், மற்ற ஹோட்டல்களில் 5. நீ பார்த்த வில்லா விலை இ.பி., அதாவது வெறும் வாடகை. ஹோட்டல் விலை சி.பி., காலைச் சாப்பாடு சேர்த்து. உனக்குப் பணம் பெரிதில்லை என்று தெரியும், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அப்புறம் ராத்திரி. அந்த வில்லா டவுனிலிருந்து வட்டக்கானல் பக்கம் தள்ளி இருக்கிறது, கடைசியில் கொஞ்ச தூரம் மண் ரோடு, நாம் எடுக்கப்போகிற டெம்போ டிராவலர் அங்கே இறங்குமா என்று டிரைவரிடம் கேட்டதற்கு, மழை பெய்தால் கஷ்டம் என்றார். அப்பத்தாவுக்குத் திடீரென்று பிரஷர் ஏறினால்? அரசு மருத்துவமனையும் வேன் ஆலன் ஆஸ்பத்திரியும் டவுனுக்குள்தான் இருக்கின்றன. காட்டுமாடு டவுன் ரோட்டிலேயே சாயங்காலம் ஜாலியாக நடந்து போகும், அதை நீயே பார்த்திருக்கிறாய். தனியாக இருக்கிற வில்லா வாசலில் அது வந்து நின்றுவிட்டால், அது தானாக நகர்கிற வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். உன் பெரியவன் பந்து எடுக்க இருட்டில் வெளியே ஓடுகிற பிள்ளை.

நீ சொன்னதில் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. ஹோட்டலில் குட்டி எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் நீயும் மீனாவும் லைட்டை அணைத்துவிட்டு ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டியிருக்கிறது, பேசக் கூட முடியவில்லை என்றாய். வாஸ்தவம்தான். வில்லாவில் பிள்ளைகளை ஒரு ரூமில் போட்டுவிட்டு நாம் ஹாலில் பத்து பதினோரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம், அதற்கு ஈடு கிடையாது. எனக்கும் உன்னோடு அப்படி உட்கார்ந்து பேச வேண்டும், தம்பி, எத்தனையோ பேச இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஹோட்டலில் நடுவில் கதவு வைத்த இரண்டு ரூம் கேள். பக்கத்துப் பக்கத்து ரூம் வேறு, உள்ளேயே கதவு இருக்கிற ரூம் வேறு, புக்கிங் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். பிள்ளைகளை அப்பத்தாவோடு ஒரு ரூமில் தூங்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு, மற்ற ரூமில் நாம் உட்காரலாம். ஃபிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காபி நான் கொண்டுவருகிறேன். அப்பா குறட்டைக்கு மூன்றாவது ரூம், அது எவ்வளவு தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் சில விஷயங்கள், மறக்காமல் பார். நீங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருவதால், தங்குகிற இடத்துக்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசாங்கத்தில் பதிய வேண்டும், சி ஃபார்ம் என்று சொல்வார்களே, அதுதான். பெரிய ஹோட்டல்களுக்கு அது பழகிய வேலை, பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டினால் முடிந்தது. இணையத்தில் படம் போட்டு வாடகைக்கு விடுகிற தனி வில்லாக்காரர்கள் சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அனுமதி இல்லாத கட்டடங்களுக்குக் கோர்ட் உத்தரவுப்படி அங்கே சீல் வைத்ததும் நடந்திருக்கிறது, அதனால் எந்த இடமானாலும் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள். வண்டிக்கு இ-பாஸ் நான் அப்பாவை எடுக்கச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கோர்ட் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வார நாளில் நாலாயிரம் வண்டி, சனி ஞாயிறில் ஆறாயிரம் என்று வரம்பு வைத்தார்கள், அதனால் தேதியைச் சீக்கிரம் முடிவு செய்துவிடு. செவ்வாய்க்கிழமை ஏறினால் நல்லது, மே சீசன் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மேலே விட மாட்டார்கள், பிள்ளைகளின் ஸ்டீல் பாட்டில்களை எடுத்து வா. வத்தலக்குண்டு தாண்டினதும் வளைவு ஆரம்பிக்கும், குட்டிக்கு வாந்தி மாத்திரையை சிங்கப்பூரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்துவிடு.

அந்த வில்லாவை விட்டுவிட மனசில்லை என்றால் ஒன்று செய். அவர்களிடமே ஒரு பெட்ரூம் வில்லாவும் இருக்கிறது, கடைசிப் படம் அதுதான். மூன்று ராத்திரி முடிந்து நாங்கள் திண்டுக்கல்லுக்கு இறங்கும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். நீயும் மீனாவும் மட்டும் இன்னும் இரண்டு ராத்திரி அங்கே இருந்துவிட்டு வாருங்கள். கல் பாதையில் நீங்கள் நடந்துகொள்வீர்கள், சாப்பாடு லேட்டானாலும் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகாது, காட்டுமாடு வந்தால் ஜன்னலில் நின்று வேடிக்கை பாருங்கள். பெரியவன் பிறந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போனதாக எனக்குத் தெரியவில்லை. அந்தச் செலவுக்கு அப்பா கணக்குப் பார்க்க மாட்டார், நான் கேட்டுவிட்டேன்.

பணம் திரும்பக் கிடைக்காது என்று போட்டிருக்கிற சலுகை விலையில் மட்டும் இன்னும் எதையும் கட்டிவிடாதே. ஹோட்டல் நம்பரை அனுப்பு, படிக்கட்டு விஷயத்தை நானே போன் போட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா