மூச்சுக்குழாயும் ஒரு கிண்ணமும்

எடின்பரோ
ஜனவரி 28

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. குளிரைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை.

"ஆட்டுக் குடலை வேகவைத்து, அதற்குக் கவிதை வேறு பாடுகிறார்களாமே, அதில் அப்படி என்ன கண்டாய்?" என்று கேட்டிருந்தாய். சைவக் குடும்பத்துப் பிள்ளை நீ, கேட்காவிட்டால்தான் வியப்பு. ஆனால் அது குடல் அல்ல, இரைப்பை. ஹேகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளை அதன் இரைப்பைக்குள் அடைத்து வேகவைக்கும் ஸ்காட்லாந்து உணவு. நான் அதை உண்ண மட்டுமே தெரிந்தவனாக இருந்தேன். செய்வதைப் பார்த்தது இந்த மாதம்தான்.

எங்கள் தெருமுனைக் கறிக்கடையை நடத்துபவர் தன் அப்பாவிடம் தொழில் கற்ற பெரியவர். ஒரு மதியம் முழுவதும் கடையின் பின்கட்டில் நின்று பார்க்க அனுமதித்தார். இதயம், ஈரல், நுரையீரல் மூன்றும் மூச்சுக்குழாயோடு ஒரே கொத்தாக வருகின்றன. அந்தக் கொத்தைப் பானையில் போட்டு, மூச்சுக்குழாயின் நுனியை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு கிண்ணத்தை வைத்தார். கொதிக்கக் கொதிக்க நுரையீரலின் கசடெல்லாம் குழாய் வழியே நுரையாக வந்து கிண்ணத்தில் சொட்டியது. இதை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

வெந்ததைப் பொடியாக அரிந்து, வெங்காயம், ஆட்டுக் கொழுப்பு, வறுத்த ஓட்ஸ் நொய், உப்பு, மிளகு, ஜாதிபத்திரி சேர்த்து, வேகவைத்த தண்ணீரையே ஊற்றிப் பிசைந்தார். மிளகை அவரே அவ்வப்போது உடைத்துக்கொள்கிறார். உடைத்ததும் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்க்கிறார். அளவு கேட்டேன். சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்கவில்லை, ஓட்ஸ் ஊதிப் பெருகுமாம். வாயைத் தைத்து, வெடிக்காமலிருக்க ஊசியால் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, மூன்று மணி நேரம் மெல்லிய கொதியில் விட்டார்.

யோசித்துப் பார். ஆட்டை அறுத்தால் முதலில் கெடுவது இந்த உள்ளுறுப்புகள்தான். சதையை உப்பிட்டு வைக்கலாம், விற்கலாம். இவற்றை அன்றே சமைத்தாக வேண்டும். கோதுமை சரியாக விளையாத குளிர்ந்த ஈர மண்ணில் ஓட்ஸ் விளைந்தது. பாத்திரத்துக்குப் பதில் இரைப்பை. இல்லாதவர்கள் எதையும் வீணாக்காமல் வாழக் கற்ற பாடம் அந்த உருண்டைக்குள் இருக்கிறது. உழவர் வீட்டுப் பிள்ளையான ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் இதைத்தான் பாடினார்.

அவர் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று இரவு விருந்துக்குப் போயிருந்தேன். பேக்பைப் ஊதுகருவியின் இசை முன்னே வர, தட்டில் ஹேகிஸ் பின்னே வந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். பர்ன்ஸின் அந்தக் கவிதையைச் சொன்னவர், கத்தியைத் துடைப்பதாக வரும் அடியில் தன் கத்தியைத் துணியில் துடைத்து, அடுத்த அடியில் ஒரே கீறலாகக் கீறினார். ஆவி புகைந்து எழுந்தது; மிளகு மணம் கடைசி மேஜை வரை வந்தது. முதல் பர்ன்ஸ் விருந்து 1801இல் பர்ன்ஸ் பிறந்த அலோவே ஊர் வீட்டில் நண்பர்கள் கூடி நடத்தியது. அன்றும் பந்தியில் ஹேகிஸ் இருந்தது.

ஹேகிஸ் இங்கிலாந்துக்காரர்களுடையது என்று வாதிடுபவர்கள் உண்டு. 1430 வாக்கில் லங்காஷயரில் எழுதப்பட்ட ஒரு செய்முறையைக் காட்டுவார்கள். இருக்கட்டும். ஏட்டில் முதலில் எழுதியவர்கள் அவர்களாகவே இருந்தாலும், அடுப்பில் அணையாமல் காத்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். என் கணக்கில் அது இவர்களுடையதுதான்.

இனி உனக்கான செய்தி. மக்ஸ்வீன் என்ற குடும்பம் 1953இல் இதே ஊரின் புரண்ட்ஸ்ஃபீல்டில் கறிக்கடை தொடங்கியது. 1984இல் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறக்கப்பட்டபோது, அந்த விழாவுக்காக அவர்கள் சைவ ஹேகிஸ் செய்தார்கள். பயறு வகைகள், காய்கறி, விதைகள், அதே ஓட்ஸ், அதே மசாலா. கறிக்கடைக்காரர் கவிஞர்களுக்காகச் சைவம் சமைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1996இல் அவர்கள் ஊருக்கு வெளியே லோன்ஹெட்டில் ஹேகிஸுக்கென்றே ஒரு தொழிற்சாலை கட்டிக்கொண்டார்கள்.

இன்று பல இடங்களில் இரைப்பைக்குப் பதில் மாட்டுக் குடலோ செயற்கை உறையோதான். எனக்கு அதில் வருத்தமில்லை. உறை மாறலாம். ஆனால் நுரையீரலை எடுத்துவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது. அமெரிக்காவில் 1971 முதல் நுரையீரலை உணவாக விற்கத் தடை இருக்கிறது. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் அது இல்லாமலேயே செய்துகொள்கிறார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது கிண்ணத்தையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் குழாயை எங்கே தொங்கவிடுவார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூனில் நீ வருவது உறுதிதானே? சைவ ஹேகிஸும், மசித்த உருளைக்கிழங்கும், மசித்த மஞ்சள் டர்னிப்பும் நானே சமைத்து வைக்கிறேன். ஒரு வேலை உண்டு உனக்கு. உங்கள் கொல்லிமலைத் தோட்டத்து மிளகில் கால் கிலோ எடுத்து வா. இந்த ஆண்டு காய்த்ததாக இருக்கட்டும். பெரியவர் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்