மலைக்கு உள்ளே வந்துவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே, பெரு நாட்டு ஆண்டீஸ் மலைக்குள், சிக்னல் கிடையாது. கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதுகிறேன். வாராஸ் ஊருக்குத் திரும்பியதும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

"மூணு நாள் வாராஸ்லயே இரும்மா, அவசரப்படாதே" என்று நீ சண்டை போட்டது நல்லதாகப் போயிற்று. அந்த ஊரே சுமார் 3,050 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சியைவிட 400 மீட்டர் உயரம். முதல் ராத்திரி தலை விண் விண்ணென்று தெறித்தது. கோக்கா இலை டீ கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குப் பசியே எடுத்தது.

இன்று விடியுமுன் வேனில் கிளம்பினோம். வழியில் பழைய யுங்கை என்ற ஊர் இருந்த இடத்தில் நிறுத்தினார்கள். 1970 மே 31, ஞாயிற்றுக்கிழமை. பூகம்பத்தில் உவாஸ்கரான் மலையின் வடக்குச் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து, சில நிமிடங்களில் ஊரையே மூடிவிட்டது. மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஊர் இருந்த இடத்தில் இப்போது புல்லும் ரோஜாச் செடிகளும். வழிகாட்டிப் பையன் தொப்பியைக் கழற்றினான். நான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். உன்னை நினைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

அப்புறம் யாங்கனுக்கோ ஏரிகள். மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். பனியாறு அரைத்த கல்மாவு கலந்திருப்பதால் அந்த நிறமாம். அதற்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளாக மண் ரோடு, 4,767 மீட்டர் கணவாய் வரை. அங்கே இறங்கி நாலு அடி வைத்ததுமே மூச்சு வாங்கியது. பையன் என் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினான்: ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம். கொரோனா சமயத்தில் அப்பாவுக்கு 90 காட்டியதும் நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே! இந்த உயரத்துக்கு இது சகஜம் என்றான். வேன் மறுபக்கம் இறங்கி வக்கெரியா என்ற சின்ன ஊருக்கு வந்தபிறகு மாட்டிப் பார்த்தான், 89. அதன் பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது.

வக்கெரியாவில் கூடாரம், அடுப்பு எல்லாவற்றையும் கழுதைகள் மேல் ஏற்றினார்கள். அங்கிருந்து நடைதான். மெதுவாக, பேச்சு வராத அளவுக்கு மூச்சிரைத்தால் நின்று, மறுபடி மெதுவாக.

நாளைக்கு புன்டா யூனியன் கணவாய், 4,750 மீட்டர். வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் அங்கேயே திருப்பிவிடுவேன் என்று பையன் சொன்னான். முடிப்பதற்குள் சரி என்றேன். உனக்குக் கொடுத்த வார்த்தையும் அதுதானே.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்துவிட்டது. நீ கொடுத்த கம்பளிக் குல்லாய் போட்டிருக்கிறேன்.

அம்மா